என் இடது காலுக்கு நான் போட்ட கையெழுத்து

என் இடது காலை எடுக்கலாமா வேண்டாமா என்று முதலில் பேசிக்கொண்டவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் நான் இல்லை.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வந்தேன். விடியும்போதே மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸுக்கு வெங்காயம் நறுக்கத் தொடங்கினால், ஓய்வுநேர மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிட்டுப் போய், தட்டுகள் கழுவி முடிகிறவரை உட்கார நேரம் இருக்காது. முழுக்க நின்றே செய்கிற வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "ஆன்டி, ஆன்டி" என்று கை நீட்டும்போது உலகத்தில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்று தோன்றும்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவேன். சமையலறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வேன். அது உரசி இடது சுண்டுவிரல் ஓரம் ஒரு கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியாது. பஞ்சு வைத்துக் கட்டி, மேலே காலுறை மாட்டி, இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சுபாங் ஜெயாவில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், வரவேற்பறையில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, என்னமோ செத்த வாடை வருது. எலியா?"

எலி இல்லை. என் கால்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் பாதம் வீங்கி, தோல் கருத்து, காய்ச்சல் வந்து மறுபடியும் அதே வார்டுக்குப் போனேன். அப்போதுதான் அந்த நால்வர் கூட்டம் வார்டுக்கு வெளியே நடந்தது. என் கணவர், அவருடைய அண்ணன், என் மகள், ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். அங்கே பேசியதை மகள் பின்னால் எனக்கு வரிக்கு வரி சொல்லியிருக்கிறாள்.

என் கணவர் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். கன்டெய்னரை இழுத்துக்கொண்டு குறுகிய சந்துக்குள்ளும் திரும்பிவிடுவார். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் வாய் பேசாது. அவருடைய அண்ணன் வேறு மாதிரி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரிக்பீல்ட்ஸில் வீடு. எங்கள் குடும்பத்தில் கல்யாணம், சாவு, கார் வாங்குவது, வீடு மாறுவது எதுவானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடக்காது.

"டாக்டர், கால எடுக்கணும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாராம் என் கணவர். "தாங்க மாட்டா. புண்ணக் கழுவப் போறோம்னு சொல்லுங்க. நான் சைன் பண்ணிடறேன்."

அண்ணனோ, "எடுக்கவே வேண்டாம்லா. செமினியில ஒருத்தர் எண்ணெய் போட்டே எத்தன பேருக்கு ஆத்தியிருக்கார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

இரண்டையும் டாக்டர் பொறுமையாகக் கேட்டாராம். பிறகு என் கணவரைப் பார்த்து மலாயில் சொன்னார்: "அங்கிள், அவங்க கண் விழிச்சுப் பார்க்கும்போது கால் இல்லைன்னா என்னைத்தான் கேப்பாங்க. என்கிட்ட அதுக்குப் பதில் கிடையாது. நான் போய் அவங்ககிட்டயே சொல்றேன்."

என் மகள் அந்த இடத்தில் அழுதிருக்கிறாள். பயத்தினால் இல்லை, நிம்மதியினால் என்று பின்னால் சொன்னாள்.

டாக்டர் என் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். அதுவரை எந்த டாக்டரும் என் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "ஆன்டி, கஷ்டமான விஷயம் ஒண்ணு சொல்லணும். இப்பவே கேக்குறீங்களா? கூட யாராவது வேணுமா?" என்றார்.

"மக இருக்கட்டும்" என்றேன்.

அவர் சொன்னது நீளமாக ஒன்றும் இல்லை. பாதத்துக்குள் சீழ் எலும்புவரை போய்விட்டது. மருந்து அங்கே எட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்கும் நல்லது, முழங்காலும் மிஞ்சும். காத்திருந்தால் முழங்காலும் போகலாம், ரத்தத்தில் ஏறினால் நானே போகலாம். கடைசியில், "போத்தோங்" என்று என் கெண்டைக்காலின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். வெட்டுவது. நான் கோழிக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் தினமும் சொல்கிற சொல். என் உடம்பின் மேல் அதை வைத்து ஒருவர் பேசியது அதுவே முதல்முறை.

நான் அழவில்லை. கேள்வி கேட்டேன். எதற்கென்று தெரியாமல் அடுக்கிக்கொண்டே போனேன். எவ்வளவு உயரத்தில் வெட்டுவீர்கள்? மயக்கம் கொடுத்தா, முதுகில் ஊசி போட்டா? பொய்க்கால் எப்போது? அதைப் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் நிற்க முடியுமா?

"முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன் ஆன்டி. முழங்கால் இருந்தா நிறையப் பேர் நல்லா நடக்கிறாங்க. உங்க உழைப்பும் அதுல இருக்கு."

சத்தியம் பண்ண மாட்டேன் என்று அவர் சொன்னதால்தான் மற்றதை எல்லாம் நம்பினேன்.

"எனக்கு ஒரு நாள் வேணும்" என்றேன்.

அவர் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். கணுக்காலுக்குச் சற்று மேலே, சிவப்பு முடிந்து நல்ல தோல் தொடங்குகிற இடத்தில், வளையல் போட்டது போலக் காலைச் சுற்றிக் கோடு வரைந்தார். "மருந்து ஏறிட்டு இருக்கு. நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா நான் வந்து மறுபடியும் சொல்வேன். நடுவுல காய்ச்சல் ஏறினாலும் வருவேன். முடிவு உங்களுடையதுதான்."

மாலைப் பார்வை நேரத்தில் கணவரின் அண்ணன் வந்தார். கையில் ஒரு பச்சை எண்ணெய் போத்தல். செமினிக்கு அவரே நேரில் போய் வாங்கி வந்திருக்கிறார். அந்த வெயிலில், அந்த நெரிசலில். என் மேல் அக்கறை இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

"இந்தாம்மா, நான் சொல்றதக் கேளு. வெட்டுன கால் திரும்ப மொளைக்காது. எண்ணெய் போட்டு ஆறலன்னா அப்புறம் வெட்டிக்கலாம். அவசரம் என்ன?"

உண்மையைச் சொல்லவேண்டும். நான் அந்தப் போத்தலைக் கையில் வாங்கினேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். வேப்பிலையும் கற்பூரமும் கலந்த வாசனை. இது பலித்துவிட்டால் எவ்வளவு எளிது என்று மனம் ஏங்கியது. கட்டிலை விட்டு இறங்கி, காரில் ஏறி, வீட்டுக்குப் போய்விடலாம்.

"அத்தான், அவர் ஆத்தினதுல எலும்பு வரைக்கும் போன புண்ணு எத்தன?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "அது கேக்கலம்மா" என்றார். அவரும் பொய் சொல்கிறவர் இல்லை.

என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வைக்கு வெளியே கிடந்த என் வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது காலைப் பார்க்கவே இல்லை.

"ஒத்தக் காலோட உன்ன எப்படிப் பாக்குறது?" என்றார். அன்று மாலை முழுக்க அவர் பேசியது அந்த ஒன்றுதான்.

எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "என்னாங்க, நீங்க எப்படிப் பாக்குறதுன்னு நான் இப்ப யோசிக்கல. நான் எப்படி நடக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

சொன்ன பிறகு வருத்தமாக இருந்தது. ஆனால் அதைச் சொன்ன மறுகணமே என் முடிவு எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குப் புரிந்தது. நடப்பதைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காலைப் பற்றி இல்லை.

காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால் நானே போர்வையை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் மேலே வந்திருந்தது. பேனா மை அதற்குள் மூழ்கிக் கிடந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் முதுகு நிமிரும். ஒரு பயிற்சி டாக்டர் படிவத்தைக் கொண்டு வந்தார். வந்தவர் நேராக என் கணவரிடம் நீட்டினார். கணவர் பேனாவை வாங்கிவிட்டார்.

"தம்பி, அது என் காலுக்குத்தானே?" என்றேன். "இங்க கொண்டாங்க."

அண்ணன் குறுக்கே வந்தார். "காய்ச்சல்ல இருக்கா தம்பி. என்ன பேசறோம்னு அவளுக்கே தெரியல. புருஷன் இருக்கான்ல, அவன் முடிவு பண்ணட்டும்."

அதற்குள் பெண் டாக்டர் வந்துவிட்டார். என்னிடம் திரும்பி, "ஆன்டி, நேத்து நான் சொன்னதை உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சிருக்கான்னு நான் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த மலாயில், சந்தையில் பேசும் பாசார் மலாயில், சொன்னேன். கத்திரிக்காயில் புழு இருந்தால் புழு இருக்கும் இடத்தோடு நறுக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளி, நல்ல சதை தெரிகிற இடத்தில் நறுக்குவேன். ஓரம் கெட்டதாக இருந்தால் மிச்சமும் கெடும். நீங்கள் முழங்காலுக்குக் கீழே நல்ல சதையில் நறுக்கப் போகிறீர்கள். நறுக்காவிட்டால் நாளைக்கு முழங்காலுக்கு மேலே நறுக்க வேண்டிவரும், இல்லை நான் செத்துப்போவேன். நறுக்கினாலும் புண் ஆறாமல் போகலாம், அதையும் நீங்கள் சொன்னீர்கள். பொய்க்கால் போட்டு நடக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன் என்றீர்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெண்மணி கை தட்டினார். ஏன் தட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"உங்க அண்ணிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் டாக்டர் பொதுவாகச் சொன்னார். உறவுமுறை தப்பு, ஆனால் யாரும் திருத்தவில்லை.

மகளிடம் மூக்குக்கண்ணாடி கேட்டு வாங்கி, படிவத்தை முழுதாகப் படித்தேன். எல்லாரும் நின்றார்கள். என் பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு எதையும் அவ்வளவு நிதானமாகப் படித்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். முழுப்பெயரும் எழுதினேன்.

அதன் பிறகுதான் தாதி ஒருவர் வந்து, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார். எடுக்கிற காலை ஆஸ்பத்திரியே அகற்றிவிடலாமா, இல்லை குடும்பத்தார் கொண்டுபோய் அடக்கம் செய்வீர்களா? மலாய்க்காரர்கள் பெரும்பாலும் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள், நீங்கள் எப்படி, என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

பதினான்கு வருடம் என்னை நிற்க வைத்த கால் அது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய கால். "குப்பையோட போகவேணாம்" என்றேன். "பொதைச்சிடுங்க."

"நான் கொண்டுபோறேன்" என்றார் என் கணவர். அதுவரை என் இடது காலைப் பார்க்கவே மாட்டேன் என்று இருந்தவர்.

அறுவை முடிந்த இரண்டாம் நாள், எனக்கு நினைவு நன்றாகத் திரும்பிய பிறகு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் காலை அனுமதிக் கடிதத்தோடு ஒரு பொட்டலமாகக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்குச் சாமான் ஏற்றும் எங்கள் வேனின் முன்சீட்டில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கிள்ளான் இடுகாட்டுக்குப் போயிருக்கிறார். காவலாளி கடிதத்தைப் பார்த்து, ஒரு மரத்தடியில் குழி தோண்ட உதவியிருக்கிறார். இவர் பால் ஊற்றியிருக்கிறார்.

"உன் எடது செருப்பையும் சேர்த்து வச்சேன்" என்றார். "வெறுங்காலா அனுப்ப மனசு வரல."

இல்லாத பாதத்தில் அரிப்பும் வலியும் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வலிக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, பொய்க்காலுக்குச் செருப்பு வேணும்லா!" என்றேன். அவர் திகைத்து என்னைப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். முழங்காலுக்குக் கீழே தைத்து மூடியிருந்த இடத்தின் மேல், கட்டுக்கு மேலேயே, கை வைத்தார். பார்க்க முடியாது என்றவர்தான்.

புண் ஆற இரண்டரை மாதம். வீக்கம் வடிந்து, துண்டுக்காலைத் துணியால் இறுக்கிச் சுற்றி வடிவத்துக்குக் கொண்டுவர மேலும் ஒரு மாதம். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் அச்சு எடுத்தார்கள். முதல் நாள் அதை மாட்டி இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்தபோது, கடலில் படகில் நிற்பது போல இருந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த சீன இளைஞர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஆன்டி, கீழ பார்க்காதீங்க."

கீழே பார்க்காமல் நடக்க நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். விழுந்தேன், இருமுறை. துண்டுக்கால் உரசிப் புண்ணாகி ஒரு வாரம் மாட்டாமல் உட்கார்ந்தேன். அந்த ஒரு வாரத்தில்தான் உண்மையிலேயே அழுதேன். ஆனால் இப்போது ஒரு புண்ணைக்கூட ஒளித்து வைக்கவில்லை. சிவந்தாலே கிளினிக்குக்குப் போனேன். மாத்திரை, ஊசி, சாப்பாடு எல்லாம் கடிகாரம் பார்த்து நடந்தது.

ஏழாவது மாதம், பள்ளி தவணை தொடங்கிய திங்கட்கிழமை, நான் சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்பினேன். தலைமையாசிரியை கதவருகில் காத்திருந்தார். நான் இல்லாத மாதங்களில் மகளும் என் உதவியாளரும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். குத்தகையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் அந்தத் தலைமையாசிரியைதான் காத்தவர். அன்று மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி முகப்புப் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ஆன்டிக்கு ரோபோ கால்டி!"

வரிசை மொத்தமும் குனிந்தது. நான் பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினேன். "ஆமா. மீ வேணுமா, நாசி லெமாக் வேணுமா? சீக்கிரம் சொல்லு." ஐந்து மணி நேரம் நிற்க முடியவில்லை. நடுவில் இரண்டு முறை உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே மீ கிண்டலாம் என்று பதினான்கு வருடமாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஆண்டின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன் தனியாக வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வலது காலுறையைக் கழற்றினார். குதிகாலில் வெடிப்பு. நடுவில் ஐம்பது காசு அளவு ஒரு புண், ஓரம் வெளுத்து.

"எத்தன நாளா அத்தான்?"

"ஒரு மாசம் இருக்கும்மா. வலிக்கல." குரல் இறங்கிவிட்டது. "எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல."

எங்கள் குடும்பத்துக்கே முடிவு சொல்கிறவர் தன் காலை என் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரை மிரட்டி டாக்டரிடம் தள்ள எனக்கு மனமில்லை; எனக்கு அப்படி யாராவது செய்திருந்தால் நான் அந்தப் போத்தலோடு வீட்டுக்குத்தான் ஓடியிருப்பேன். என் பொய்க்காலைக் கழற்றி, துண்டுக்காலை அவருக்குக் காட்டினேன். எங்கே தைத்தார்கள், எங்கே இன்னும் வலிக்கிறது, எங்கே தொட்டால் இல்லாத சுண்டுவிரல் கூசுகிறது, எல்லாம் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெரிந்தவரை பதில் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில நான் கிளினிக் போறேன்" என்றேன். "வர்றதா இருந்தா வாங்க. அவங்க சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

மறுநாள் எனக்கு முன்னால் அவர் அங்கே நின்றார். அதே பெண் டாக்டர்தான் பார்த்தார். அண்ணன் கையில் ஒரு தாள் இருந்தது. கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். புண் எலும்பைத் தொடவில்லை. மூன்று மாதம் கட்டு மாற்றி, காலில் பாரம் விழாமல் இருந்து, புண் மூடியது. ஐந்து விரலும் அவருக்கு இருக்கின்றன. "ஐஞ்சும் இருக்கும்மா" என்று போனில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார், நான் மறந்துபோய்விடுவேன் என்பது போல.

ஆண்டு இறுதியில் பள்ளி விளையாட்டு நாள். ஆசிரியர்களும் பணியாளர்களும் கலந்துகொள்ளும் வேகநடைப் போட்டி ஒன்று இருந்தது, திடலின் அகலம்தான் தூரம். என் பெயரை நானே கொடுத்தேன். "ஆன்டி, வேணாம்லா, சும்மா உக்காந்து பாருங்க" என்றார் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். நான் ஏற்கெனவே கோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு பேர். விசில் அடித்ததும் புல்லில் பொய்க்கால் முதலில் கொஞ்சம் வழுக்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. கீழே பார்க்கவில்லை. எதிரே கயிற்றின் ஒரு முனையை என் மகள் பிடித்திருந்தாள், மறு முனையை என் கணவர். பிள்ளைகள் "ரோபோ ஆன்டி! ரோபோ ஆன்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்கு இடப்பக்கத்தில் அலுவலகக் குமாஸ்தா மூச்சு வாங்கிப் பின்தங்கினார். தோட்டக்காரரையும் தாண்டினேன். நூலகப் பொறுப்பாசிரியைக்கும் எனக்கும் ஒரு கை தூரம், கடைசி ஐந்தாறு அடியில் அவரையும் விட்டுவிட்டுப் போனேன்.

மூன்றாம் இடம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் கூஜாவும் ஒரு துண்டும் பரிசு. மேடையில் ஏறிப் போய் வாங்கினேன். மூன்று படிகள், கைப்பிடி இல்லை. கீழே இறங்கி வந்ததும் என் கணவர் கூஜாவை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. திடலைச் சுற்றி, வெயிலில், நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.